கூடிப் படித்தல்

நூல்நிலையம் என்பது நூலை எடுத்துச் சென்று, தவணைக்குள் திருப்பித் தருவதற்கான இடம் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். பத்துப்பேர் ஒரே நூலைப் படித்துவிட்டு, பின்னர் ஒன்றாக அமர்ந்து அதைப்பற்றி வாதிப்பதால் விளையும் பயன் யாது? கனடா நாட்டின் கீழ்க்கரையில் நிகழ்ந்த ஒரு வரலாறு இதற்கு விடை தருகிறது. கூட்டுறவாளராகிய நமக்கு அது அறியத்தக்கது.

அங்குள்ள நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் மீனவரும் சிறு விவசாயிகளும் சுரங்கத் தொழிலாளரும் வறுமையில் உழன்றனர். 1928ஆம் ஆண்டில் ஆண்டிகோனிஷ் நகரத்துச் செயின்ட் பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம், மோசஸ் கோடி என்னும் பாதிரியாரின் தலைமையில் மக்கட் கல்விக்கென ஒரு துறையைத் தொடங்கிற்று. அத்துறை ஊர்தோறும் படிப்புக் குழுக்களை அமைத்தது. சிலர் ஒரு வீட்டின் சமையலறையில் வாரந்தோறும் கூடி, சிறு பிரசுரம் ஒன்றைப் படித்து விவாதிப்பர். அக்குழுக்களிலிருந்தே கடன் சங்கங்களும் பண்டகசாலைகளும் மீன் பதனிடும் சங்கங்களும் பிறந்தன.

இவ்வியக்கத்தின் முன்னோடியான ஜேம்ஸ் டாம்ப்கின்ஸ் என்ற பாதிரியார், 1935ஆம் ஆண்டில் ரிசர்வ் மைன்ஸ் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊருக்கு மாற்றப்பட்டார். தமது இல்லத்திலேயே ஊராருக்கு ஒரு நூல்நிலையம் திறந்தார். எதிர்ப்பட்டவர் கையில் ஏதேனும் ஒரு பிரசுரத்தைத் திணித்து அனுப்புவது அவர் வழக்கம். (இத்தகைய நூல்நிலையத் தலைவர் வாய்ப்பது எளிதன்று.) அவ்வூர்த் தொழிலாளர் சிலருக்குக் குடியிருப்பே பெருங்குறை. சுரங்கக் கம்பெனியின் பழைய வீடுகளில் வாடகைக்கு இருந்தனர். ஆகவே அவர்களுடைய குழு வீடு கட்டுவதையே படிப்புப் பொருளாகக் கொண்டது. கடன், வட்டி, நிலம், மரம், அடித்தளம் என ஒவ்வொன்றையும் கற்றனர். கூட்டுறவு வீட்டு வசதியில் அனுபவமுள்ள மேரி ஆர்னால்டு என்ற அம்மையார் 1937இல் வந்து துணைநின்றார். தாம் கட்டவிருந்த வீடுகளை முதலில் அட்டையில் சிறு மாதிரிகளாகச் செய்து பார்த்தனர். மாகாண அரசின் கடனும் தமது சொந்த உழைப்பும் சேர, 11 வீடுகள் 1938இல் எழுந்தன. அக்குடியிருப்புக்கு டாம்ப்கின்ஸ்வில் என்று பெயரிட்டனர்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது வீட்டை அன்று, படித்த முறையை. அங்கே பிரசங்கம் செய்ய ஒருவர் அழைக்கப்படவில்லை. தமக்கு வேண்டிய பொருளைத் தாமே தேர்ந்தனர். படித்ததைத் தமது வருவாயோடும் வாடகையோடும் ஒப்பிட்டுக் கணக்கிட்டனர். நூல் கூறுவது நமது ஊருக்குப் பொருந்துமா என்ற கேள்வி எழாத இடத்தில் விவாதம் வெறும் பாராட்டாக முடிந்துவிடும்.

நமது நாட்டு நிலை என்ன? 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களின் முயற்சியால் வந்தது. அச்சட்டப்படி சொத்துவரியுடன் நூலக வரியும் நாம் செலுத்துகிறோம். பல நூலகங்களில் வாசகர் வட்டமும் உண்டு. ஆயினும் அவற்றிற் சில, மாலையும் பொன்னாடையும் நீண்ட தலைமையுரையுமாகப் பொழுதைக் கழிப்பதை வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியிருக்கிறது. கேட்க வந்தவர் வாய் திறக்காமலே வீடு திரும்புகின்றனர்.

அங்கத்தினர் எண்மர் அல்லது பதின்மர் சேர்ந்தாற் போதும். ஒரே நூலில் சில பிரதிகள் வேண்டுமென நூலகரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். தறியிலும் வயலிலும் உழைத்து வருவோரால் ஒரு வாரத்தில் முழு நூலையும் முடிக்க இயலாது. ஓர் அத்தியாயம் போதுமானது. எழுத்தறியாத அங்கத்தினரை விலக்கலாகாது. ஒருவர் உரக்கப் படிக்க, ஏனையோர் கேட்கலாம். நூல் விலையும் பருத்தி விலையும் பற்றிப் பேச்சு வரும்போது அவரே மற்றவர்க்கு ஆசிரியராவார். முதற் கூட்டத்திற்கு எந்த நூல் என்று தயங்குவோர், நமது சங்கத்தின் துணைவிதிகளையும் சென்ற ஆண்டின் வரவுசெலவு அறிக்கையையும் எடுத்துக்கொள்ளலாம். அவற்றை முழுவதும் படித்தவர் நம்முள் மிகச் சிலரே.