குழந்தைக்குப் பியானோ வாங்கப் போகிறீர்களா?

மும்பையில் வாழும் தமிழர் வீடுகளில் ஒரு காலத்தில் இசைக் கருவி என்றால் சுருதிப் பெட்டி, ஹார்மோனியம், மிஞ்சிப் போனால் ஒரு வீணை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பாட்டு வகுப்புக்குப் போய்வந்த குழந்தைகளுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. இப்போது அந்த வரிசையில் பியானோவும் சேர்ந்துகொண்டிருக்கிறது. சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் 2019-ம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பியானோ வாசித்துப் பத்து லட்சம் டாலர் பரிசு பெற்றதைப் பார்த்து ஆசைப்பட்ட பெற்றோர் சிலர். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் தேர்வுகளைக் கருதிப் பிள்ளைகளைச் சேர்ப்பவர்கள் பலர். ஞாயிறு ஆராதனையில் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே கற்கும் தாராவிப் பிள்ளைகளும் உண்டு.

ஆசிரியர் கிடைப்பது இந்த நகரத்தில் அவ்வளவு கடினமல்ல. வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போய் வாசித்துவிட்டு வரலாம். மற்ற நாட்களில் வீட்டில் எதன்மீது பயிற்சி செய்வது என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்கு அவசரத்தில் விடை தேடும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கின்றன. பத்தாயிரம் ரூபாய்க்குள் 61 கட்டைகள் கொண்ட ஒரு மின்னணுக் கீபோர்டு வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். நூற்றுக்கணக்கான வாத்திய ஒலிகள், கூடவே தாளம், தபலா, விளக்கு வெளிச்சம் எல்லாம் அதில் இருக்கும். பிள்ளை ஆறு மாதம் உற்சாகமாக வாசிக்கும். பிறகு ஆசிரியரின் பியானோவில் உட்காரும்போது விரல்கள் நிற்காது. மெல்ல வாசிக்க வேண்டிய இடம் ஒலிக்கவே ஒலிக்காது. "உனக்கு இது வராது போலிருக்கிறது" என்று வீட்டில் பேச்சு எழும். கீபோர்டு பரணுக்குப் போய்விடும், அதோடு பிள்ளையின் ஆசையும்.

குறை பிள்ளையிடம் இல்லை. அதற்கு வாங்கிக் கொடுத்தது வேறு கருவி. டிரினிட்டி கல்லூரியே பியானோவுக்கு ஒரு பாடத்திட்டமும் மின்னணுக் கீபோர்டுக்கு வேறொரு பாடத்திட்டமும் வைத்திருக்கிறது என்பதை வாங்குமுன் பெற்றோர் கவனிப்பது நல்லது.

விரலுக்குத் தெரியும் கனம்

பியானோவுக்கும் கீபோர்டுக்கும் உள்ள வித்தியாசம் காதுக்குத் தெரிவதைவிட விரலுக்கே அதிகம் தெரியும். இத்தாலியில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி 1700-ம் ஆண்டையொட்டி உருவாக்கிய பியானோவின் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஒரு கட்டையை அழுத்தினால் மறுமுனையில் கம்பளி உறை போர்த்திய ஒரு சிறு சுத்தியல் எழும்பிக் கம்பியைத் தட்டுகிறது. ஏற்றமரம் போலத்தான், இந்தப் பக்கம் விரல், அந்தப் பக்கம் பாரம். நடுக் கட்டை ஒன்றைக் கீழே இறக்கச் சுமார் 50 கிராம் எடை தேவைப்படும். விரல் வேகமாகத் தள்ளினால் சுத்தியல் வேகமாகப் பாயும், ஒலி பெரிதாகும். மெதுவாகத் தள்ளினால் ஒலி மெலியும். இந்த வேகத்தை அடக்கி ஆளக் கற்பதுதான் பியானோப் பயிற்சியின் பெரும்பகுதி.

சாதாரணக் கீபோர்டில் சுத்தியல் கிடையாது. கட்டைக்கு அடியில் ஒரு சுருள்வில் அல்லது ரப்பர் மட்டும் இருக்கும். அதில் எத்தனை மணி நேரம் வாசித்தாலும் பியானோவுக்குரிய விரல் பலமும் அடக்கமும் வந்து சேர்வதில்லை.

டிஜிட்டல் பியானோ இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது. அதில் கம்பி இல்லை. ஆனால் ஒவ்வொரு கட்டையோடும் சுத்தியலைப் போன்ற ஓர் எடை இணைந்திருக்கும். கட்டை இறங்கும் வேகத்தை உணர்விகள் அளந்து சொல்ல, பெரிய கச்சேரிப் பியானோ ஒன்றிலிருந்து முன்பே பதிவு செய்து வைத்த ஒலி அதற்கேற்ற அளவில் வெளிவருகிறது. நல்ல கருவிகளில் இடப்பக்கக் கட்டைகள் சற்றுக் கனமாகவும், வலப்பக்கம் போகப் போக இலேசாகவும் இருக்கும். உண்மைப் பியானோவிலும் அப்படித்தான். கீழ் ஸ்தாயிக்குப் பெரிய சுத்தியல், மேல் ஸ்தாயிக்குச் சிறிய சுத்தியல். யமஹா நிறுவனம் 1983-ம் ஆண்டு கிளாவினோவா என்ற பெயரில் இவ்வகைக் கருவியை வீடுகளுக்கென்று கொண்டுவந்தது. அன்று அது வசதி படைத்தோரின் பொருள். இன்று நடுத்தரக் குடும்பம் சேமித்து வாங்கக்கூடிய நிலைக்கு வந்திருக்கிறது.

உண்மைப் பியானோவையே வாங்கினால் என்ன என்று கேட்கலாம். வாங்க முடிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம். சுவரோரம் நிற்கும் சாதாரணப் பியானோ புதிதாக வாங்கினால் பல லட்சம் ரூபாய் ஆகும். எடை பெரும்பாலும் 200 கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். மூன்றாம் மாடிக்கு ஏற்ற ஆட்களைத் தேட வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை மும்பையின் ஈரக்காற்று. ஜூன் மாதம் மழை பிடித்தால் மரம் உப்புகிறது, கட்டைகள் இறுகிக்கொள்கின்றன, கம்பிகள் துருப்பிடிக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு முறையாவது சுருதி கூட்டும் ஆளை அழைக்க வேண்டும். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் வேறொரு குடும்பம் வசிக்கும் அடுக்குமாடியில் இரவு ஒன்பது மணிக்கு மேல் அதைத் தொடவும் முடியாது. அலுவலகத்திலிருந்து பெற்றோர் திரும்பி, பள்ளிப் பாடமும் முடிந்த பிறகு பயிற்சிக்குக் கிடைப்பது அந்த நேரம்தான்.

கடையில் செய்ய வேண்டியது

தோபி தலாவ் பக்கம் போனால் இசைக் கருவிக் கடைகள் இருக்கின்றன. பர்ட்டாடோஸ் கடை 1865-ம் ஆண்டிலிருந்து இந்த நகரத்தில் நடந்துவருகிறது. எந்தக் கடையானாலும் விற்பனையாளர் முதலில் காட்டுவது ஒலிகளைத்தான். வயலின், புல்லாங்குழல், தேவாலய ஆர்கன் என்று ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டுவார். அதில் மயங்க வேண்டாம். பிள்ளைக்குத் தேவை ஒரே ஒரு ஒலி, பியானோவின் ஒலி. மற்றவை எத்தனை குறைந்தாலும் நஷ்டமில்லை.

ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டுக் கட்டைகளை அழுத்திப் பார்ப்பதுதான் சரியான சோதனை. உண்மையான எடை உள்ள கட்டை, தொடக்கத்தில் சற்றுத் தடுத்து, பிறகு தானே இறங்குவது போலிருக்கும். சுருள்வில் கட்டை அழுத்த அழுத்த மேலும் எதிர்க்கும். இரண்டையும் அடுத்தடுத்து அழுத்திப் பார்த்தால் இசையே தெரியாத தகப்பனாருக்கும் விளங்கிவிடும். பிறகு ஒலியைக் கூட்டி, ஒரே கட்டையை ஒரே விரலால் மிக மெல்லிய ஒலியிலிருந்து உரத்த ஒலி வரை படிப்படியாக வாசிக்கச் சொல்ல வேண்டும். படிகள் இடைவெளியில்லாமல் வந்தால் நல்லது. இரண்டே ஒலிதான் வருகிறது, ஒன்று மெலிவு, மற்றது இரைச்சல் என்றால் அந்தக் கருவி வேண்டாம்.

கட்டைகள் 88 இருக்க வேண்டும். ஆனால் 88 இருப்பது மட்டும் போதாது. எடையே இல்லாத 88 கட்டைக் கருவிகள் பாதி விலையில் விற்கின்றன. 'பாதி எடை' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அதன் பொருள் கொஞ்சம் விறைப்பான சுருள்வில் என்பதுதான், சுத்தியல் அல்ல.

நம்பி வாங்கத்தக்க குறைந்த விலைக் கருவிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. யமஹாவின் பி-45 என்ற கருவி 2015-ம் ஆண்டு வந்து உலகெங்கும் தொடக்க மாணவர்களின் கருவியாக விளங்கியது. 2023-ல் அதன் இடத்துக்கு பி-145 வந்தது. கேசியோவில் சி.டி.பி. எஸ்-110, ரோலண்டில் எப்.பி.-10, கோர்க்கில் பி-2 ஆகியவை அதே படியில் நிற்பவை. பொதுவாக நாற்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் ரூபாய்க்குள் விலை சுற்றிக்கொண்டிருக்கும். பண்டிகைக் காலத்தில் சிறிது இறங்கும். கட்டையின் உணர்வு ஒன்றை மட்டுமே வைத்துப் பார்த்தால் ரோலண்டு சற்று மேல். அதன் எடை 12 கிலோவுக்குச் சிறிது அதிகம். கேசியோ பத்தரைக் கிலோதான், ஒடுக்கமானதும்கூட. பயிற்சி முடிந்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டிய ஒற்றை அறை வீட்டுக்கு அது பொருந்தும். மற்றபடி இவற்றுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிள்ளையின் விரலுக்கு எது பிடிக்கிறதோ அதுவே சரி. முடிந்தால் ஆசிரியரையும் கடைக்கு அழைத்துப் போகலாம்.

விற்பனையாளர் 'பாலிபனி' என்ற ஒரு கணக்கும் சொல்வார். ஒரே சமயத்தில் எத்தனை சுரங்கள் ஒலிக்க முடியும் என்பதன் அளவு அது. பத்து விரலுக்கு 64 எதற்கு என்று தோன்றும். பெடலை மிதித்துக்கொண்டு வாசிக்கும்போது பழைய சுரங்கள் அடங்காமல் தொடர்வதால் எண்ணிக்கை கூடுகிறது. தொடக்கப் படிகளுக்கு 64 தாராளம். அதற்காக மேலும் பத்தாயிரம் செலவழிப்பதைவிட அந்தப் பணத்தில் நல்ல நிறுத்தியும் நாற்காலியும் வாங்கலாம்.

இந்த நிறுத்தி விஷயத்தில்தான் பலர் சிக்கனம் பிடிக்கிறார்கள். பெருக்கல் குறி போன்ற மடக்கு நிறுத்தி மலிவு. ஆனால் பலமாக வாசித்தால் ஆடும், முழங்காலும் இடிக்கும். சாப்பாட்டு மேஜை மேல் வைத்து வாசிப்பது இன்னும் கெடுதல். மேஜையின் உயரத்தோடு கருவியின் கனமும் சேர்ந்து தோள்களைத் தூக்க வைத்துவிடும். வெள்ளைக் கட்டையின் மேற்பரப்பு தரையிலிருந்து சுமார் 72 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். முழங்கை அதே மட்டத்தில் வரும்படி இருக்கையை ஏற்றி இறக்கலாம். சிறு குழந்தையின் கால் தொங்கினால் ஒரு மணைப் பலகையைப் போட்டுவிடலாம்.

உடன் வரும் பெடல் பெரும்பாலும் தீப்பெட்டி மாதிரி ஒரு சிறு சுவிட்சு. மொசைக் தரையில் வழுக்கி ஓடும். நிஜப் பெடல் போன்ற வடிவம் கொண்டது தனியாகக் கிடைக்கிறது. முதல் ஆண்டிலேயே அதை வாங்கிவிடுவது நல்லது.

இரவில் வாசிக்க

காதில் மாட்டும் ஹெட்போன்தான் அடுக்குமாடிக் குடும்பத்துக்கு டிஜிட்டல் பியானோ தரும் பெரிய வரம். கம்பி உள்ளதையே வாங்க வேண்டும். கம்பியில்லா வகையில் விரல் அழுத்தியதற்கும் காதில் விழுவதற்கும் இடையே சிறு தாமதம் ஏற்படும். சினிமாப் பாட்டு கேட்கும்போது அது தெரியாது, வாசிக்கும்போது தாளத்தையே குலைத்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒலி வெளியே வராவிட்டாலும் கட்டைகள் அடிக்கும் 'தடக் தடக்' என்ற அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும். நிறுத்தியின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டால் கீழ்வீட்டுக்காரர் மேலே வரமாட்டார்.

தேவாலயத்தில் வாசிக்க விரும்பும் பிள்ளைகளின் நிலை வேறு. அங்கே பாடகரின் குரலுக்கேற்பச் சுருதியை மாற்ற வேண்டும், பல வாத்திய ஒலிகள் வேண்டும், தோளில் சுமந்து லோக்கல் ரயிலில் ஏற வேண்டும். அதற்குக் கீபோர்டுதான் ஏற்றது. அதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2019-ல் உற்பத்தியைத் தொடங்கிய யமஹா தொழிற்சாலையில் இவ்வகைக் கீபோர்டுகளும் தயாராகின்றன. பியானோ வகுப்பில் சேர்த்த பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுப்பதுதான் பொருத்தமில்லாத காரியம்.

புதிதாக வாங்க இயலாதோர் பழையதைத் தேடலாம். ஒன்றிரண்டு ஆண்டில் பிள்ளையின் ஆர்வம் குறைந்துபோன வீடுகளிலிருந்து பி-45 போன்றவை விற்பனைக்கு வருகின்றன. பார்க்கப் போகும்போது அவசரப்படாமல் 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, மெல்லவும் பலமாகவும் அழுத்திப் பார்க்க வேண்டும். ஏதேனும் ஒரு கட்டை மட்டும் திடீரென்று உரக்க ஒலித்தால் அடியிலுள்ள ரப்பர் தொடுமுனை தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்கேறியிருக்கிறது என்று பொருள். மின் அடாப்டர் அந்தக் கருவிக்கே உரியதா என்று பார்ப்பதும் அவசியம். வேறொன்றைச் செருகிச் சுற்று எரிந்தால் பழுது பார்க்கும் கூலியில் பாதிக் கருவி வாங்கிவிடலாம். கட்டை இடுக்கில் டார்ச் அடித்துப் பார்ப்பதும் வீண்போகாது. மும்பையில் கரப்பான் பூச்சிக்குச் சூடான மின்கருவியின் உட்புறம் மிகவும் பிடித்த இடம்.

அதே காரணத்தால் புதிய கருவியையும் வாசித்து முடித்தவுடன் துணியால் மூடிவைக்க வேண்டும். கடற்காற்று நேரே வீசும் சன்னலோரமும் சமையலறைத் தாளிப்புப் புகை வரும் இடமும் அதற்கு ஆகாது. வந்த அட்டைப் பெட்டியையும் உள்ளிருக்கும் தெர்மோகோல் கட்டிகளையும் இடத்தை அடைக்கிறதே என்று எறிந்துவிடாமல் பரணில் போட்டு வைக்கலாம். மாற்றலாகி வேறு ஊர் போகும் நாளில் 88 கட்டைகள் உள்ள கருவியை அந்தப் பெட்டி இல்லாமல் லாரியில் ஏற்றுவது பெரும்பாடு.