புத்தகத்தை வைத்துக் கணனி மொழி பழகுவோம்

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் முதலில் முறிவது பிள்ளைகளின் படிப்பே. பாடசாலை மாறுகிறது, ஆசிரியர் மாறுகிறார், கொப்பிகள் தொலைகின்றன. இந்நிலையில் 'கணனி படித்தால் வேலை கிடைக்கும்' என்று யாராவது சொன்னதும், தோட்டை அடகு வைத்தாவது பிள்ளையை வகுப்பொன்றில் சேர்க்கப் பெற்றோர் துணிகின்றனர். அதற்கு முன் அவர்கள் ஒரு விடயத்தை அறிந்திருப்பது நல்லது. கணனிக்குக் கட்டளை எழுதும் மொழியொன்றின் ஆரம்பப் பாடங்களை, நல்லதொரு புத்தகத்தையும் பழைய கணனியொன்றையும் கொண்டு வகுப்புக் கட்டணம் இன்றியே பழகலாம். அதை எவ்வாறு பழகுவது, எங்கே இடறும், எதை எதிர்பார்க்கலாம் என்பவற்றை இங்கு பார்ப்போம்.

பைத்தன் என்னும் மொழி

கணனி தானாக எதையும் செய்வதில்லை. நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளையே வரிசையாக நிறைவேற்றுகிறது. அக்கட்டளைத் தொகுதியைச் செய்நிரல் என்கிறோம். செய்நிரல் எழுதும் மொழிகள் பல உள்ளன. அவற்றுள் 'ஸ்கிரிப்ற்' மொழிகள் எனப்படுபவை தொடங்குவோருக்கு இலகுவானவை. எழுதியதை வேறொரு வடிவத்துக்கு மாற்றும் தனி வேலை எமக்கு இல்லை. ஒரு வரியை எழுதி விசையை அழுத்தினால் உடனே பதில் வரும்.

இவ்வகை மொழிகளுள் ஒன்று பைத்தன். நெதர்லாந்தின் ஆம்ஸ்ரர்டாம் நகரிலுள்ள ஆய்வு நிலையமொன்றில் பணியாற்றிய கீடோ வான் ரொசம் என்பவர் 1989 டிசெம்பரில் இதனை உருவாக்கத் தொடங்கி, 1991 இல் வெளியிட்டார். பெயரைக் கேட்டு மலைப்பாம்பு என எண்ண வேண்டாம். பிரித்தானியத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றின் பெயரிலிருந்து எடுத்தது. இம்மொழியை எவரும் இலவசமாகப் பெற்றுப் பாவிக்கலாம். எமது நாட்டில் 2017 இல் நடைமுறைக்கு வந்த க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திட்டத்திலும் பைத்தன் இடம்பெற்றது. ஆகவே பிள்ளை இதில் செலவிடும் நேரம் பாடசாலைப் படிப்புக்குப் புறம்பானதன்று.

ஒரு புத்தகம் உருவான கதை

1999 ஜனவரியில் அமெரிக்க விரிவுரையாளர் அலன் டவுனி, 'ஜாவா' என்னும் மொழியைத் தொடக்க மாணவருக்குக் கற்பிக்கத் தயாராகிக் கொண்டிருந்தார். முன்னைய வகுப்புகளில் சித்தியடையாதோர் தொகை அதிகம். புத்தகங்களும் ஒரு காரணம் என அவர் கண்டார். அவை அளவுக்கு மீறிப் பெரியவை. முதல் அத்தியாயங்களில் மெதுவாக நடந்து, ஐந்தாம் அத்தியாயமளவில் திடீரென மாணவரைப் பள்ளத்தில் விழுத்துபவை. வகுப்புத் தொடங்க இரண்டு கிழமைகளே இருந்தபோது, தானே சிறியதொரு புத்தகம் எழுதுவதென முடிவு செய்தார். புதிய சொல் ஒவ்வொன்றையும் முதலில் வரும் இடத்திலேயே விளக்கினார். எவரும் படியெடுக்கலாம், மாற்றலாம் என்ற அனுமதியுடன் அதை வெளியிட்டார்.

அந்த அனுமதி வீண் போகவில்லை. வேர்ஜீனியா மாநில உயர்நிலைப் பாடசாலை ஆசிரியர் ஜெஃப் எல்க்னர் அப்புத்தகத்தைப் பைத்தன் மொழிக்கு மாற்றி எழுதி அவருக்கே அனுப்பி வைத்தார். அதுவரை பைத்தன் அறியாத டவுனி, தான் எழுதிய புத்தகத்தை வாசித்தே அம்மொழியைப் பழகினார்! 2001 இல் பைத்தன் பதிப்பு வெளிவந்தது. பின்னர் அது 'திங்க் பைத்தன்' என்ற பெயரில் வளர்ந்தது. இன்றும் அதனை இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம். விரிவுரையாளர் ஒருவரே புத்தகம் பார்த்துப் பழகினார் என்றால் எமது பிள்ளைகள் ஏன் தயங்க வேண்டும்?

முதற் பயிற்சி

புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறதே எனச் சிலர் பின்வாங்குவர். பைத்தன் தனக்கென ஒதுக்கி வைத்துள்ள சொற்கள் ஏறத்தாழ 35 மட்டுமே. பெறுமதிகளுக்கு நாம் இடும் பெயர்களை மூன்றாம் பதிப்பில் தமிழிலேயே எழுதலாம். விதைநெல் கணக்கொன்றைப் பார்ப்போம். ஒரு ஏக்கர் 160 பேர்ச். ஏக்கருக்கு 2 புசல் விதைநெல் என வைத்துக்கொள்வோம். 240 பேர்ச் வயலுக்கு எவ்வளவு வேண்டும்?

பேர்ச் = 240
ஏக்கர் = பேர்ச் / 160
விதை = ஏக்கர் * 2
விதை

நான்காவது வரியை எழுதி அழுத்தியதும் 3.0 என்று பதில் வரும். அதாவது 3 புசல். இங்கு '=' என்பது நாம் கணக்கில் எழுதும் சமன் அன்று. வலப்பக்கத்தில் உள்ளதை இடப்பக்கப் பெயரில் வைத்திரு என்னும் கட்டளை. தொடங்குவோர் பலர் தடுமாறும் முதல் இடம் இதுவே.

மூவகைப் பிழைகள்

பிழை விடாமல் எவரும் செய்நிரல் பழகியதில்லை. டவுனியின் புத்தகம் பிழைகளை மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது.

முதலாவது, எழுத்து முறைப் பிழை. அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூடாது விடுவது போன்றது. கணனி ஒரு வரியையும் நிறைவேற்றாமல் நின்றுவிடும்.

இரண்டாவது, இயங்கும்போது வரும் பிழை. மூன்றாம் வரியில் 'ஏக்கர்' என்பதை 'ஏக்கற்' என எழுதினால், அப்படியொரு பெயர் இல்லை எனக் கணனி முறையிடும். எந்த வரியில் என்பதையும் காட்டும். அச்செய்தியைக் கண்டு பயப்படாமல் அதன் கடைசி வரியை முதலில் வாசியுங்கள். பெரும்பாலும் விடயம் அங்கேயே இருக்கும்.

மூன்றாவது கருத்துப் பிழை. இதுவே ஆபத்தானது. ஒரு ரூட் 40 பேர்ச். 160 இற்குப் பதிலாக 40 ஆல் பிரித்துவிட்டால் கணனி எவ்வித முறைப்பாடும் இன்றி 12 புசல் என்று சொல்லும். அதை நம்பிக் கடன்பட்டு விதைநெல் வாங்கினால் நட்டம் கணனிக்கு அல்ல, எமக்கே. வயல் செய்த தாயோ தகப்பனோ அருகில் இருந்தால், ஒன்றரை ஏக்கருக்குப் பன்னிரண்டு புசலா என்று உடனே கேட்பார்கள். கணனி அறியாத பெரியவர்களின் அனுபவம் இவ்விடத்தில் பெரிதும் உதவும்.

பழைய புத்தகம் கிடைத்தால்

நன்கொடையாகவும் பழைய புத்தகக் கடைகளிலும் கிடைக்கும் புத்தகங்களில் ஒரு சிக்கல் உண்டு. பைத்தனின் இரண்டாம் பதிப்பு 2020 ஜனவரி 1 உடன் கைவிடப்பட்டது. இப்போது பாவிப்பது 2008 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பின் வழிவந்தது. புத்தகத்தில் 'பிறின்ற்' என்னும் கட்டளையைப் பாருங்கள். அதன் பின் அடைப்புக்குறி இருந்தால் மூன்றாம் பதிப்புக்கு உரியதாகக் கொள்ளலாம். அடைப்புக்குறி இல்லாவிட்டால் அது இரண்டாம் பதிப்புக்கு உரியது. அப்படியே எழுதினால் இன்றைய பைத்தன் ஏற்காது.

வகுத்தலும் மாறிவிட்டது. 240 ஐ 160 ஆல் பிரித்தால் பழைய பதிப்பு 1 என்றே சொல்லும்; புதியது 1.5 என்று சொல்லும். பிள்ளை புத்தகத்தில் உள்ளபடியே எழுதியும் வேறு விடை வந்தால், 'எனக்கு மூளை இல்லை' என்று மனம் உடைய வேண்டியதில்லை. பதிப்பைப் பாருங்கள்.

கணனி பழையதாயின், விண்டோஸ் 7 இல் இயங்கும் கடைசிப் பைத்தன் 3.8 ஆகும். தொடக்கப் பாடங்களுக்கு அது போதும். ஒருமுறை இணையத்திலிருந்து இறக்கிக் கொண்டால் பின்னர் இணைப்பு இல்லாமலே பழகலாம்.

எவ்வாறு படிப்பது?

• வாசித்தால் மட்டும் போதாது. உதாரணங்களை ஒவ்வொரு எழுத்தாகக் கையால் தட்டச்சுச் செய்யுங்கள்.

• விசையை அழுத்துமுன் என்ன விடை வரும் எனக் கொப்பியில் எழுதுங்கள். பின் ஒப்பிட்டுப் பாருங்கள். மின்சாரம் இல்லாத இரவிலும் இப்பயிற்சியின் முதற் பாதியைச் செய்யலாம்.

• அத்தியாய முடிவிலுள்ள பயிற்சிகளைச் செய்யாமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

• ஒரு கணனியில் இருவர் அமரலாம். ஒருவர் எழுத, மற்றவர் பிழை பார்க்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் விசைப்பலகை கைக்கு வரவேண்டும்.

• புத்தகக் கணக்குகள் முடிந்ததும் வீட்டுக் கணக்கை எடுங்கள். கூலி, பசளைச் செலவு, சங்கக் கடன் தவணை ஆகிய எல்லாமே நல்ல பயிற்சிகள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

ஒரு புத்தகத்தை முடித்தவுடன் வேலை கிடைக்கும் என்று நாம் கூறவில்லை. ஒரு போகத்தில் விளையும் பயிர் அல்ல இது. ஆனால் பிள்ளைக்கு இதில் நாட்டம் உண்டா என்பதைப் பணம் செலவழிக்காமல் அறிந்துகொள்ளலாம். மூன்று மாதம் புத்தகத்தோடு பழகட்டும். அதன் பின்னும் ஆர்வம் குறையாவிட்டால் வகுப்பைப் பற்றி யோசியுங்கள். அப்போது பிள்ளைக்கே எதைக் கேட்பது என்று தெரியும்; வெறும் சான்றிதழைக் காட்டிப் பணம் பறிப்போரையும் இனங்காண முடியும். தோடு அதுவரை காதிலேயே இருக்கட்டும்.