ஊர் எண்ணை உயிரோடு வைத்திருக்க எவ்வளவு செலவாகிறது?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் பூன் லே எம்ஆர்டி நிலையத்திலிருந்து ஜூரோங் பாய்ண்ட் பக்கம் நடந்தால், திறன்பேசியைக் காதில் வைக்காமல் முகத்துக்கு நேரே பிடித்தபடி ஊரோடு பேசும் ஊழியர்களைப் பார்க்கலாம். அடுப்படியில் நிற்கும் அம்மா, தொட்டிலில் கிடக்கும் குழந்தை, புதிதாகப் பூசிய சுவர் என்று எல்லாம் அந்தச் சின்னத் திரையில் வந்து போகும்.

சில மாதங்களுக்கு முன்பு அங்கே எனக்குப் பழக்கமான ஊழியர் ஒருவர் முகம் வாடி நின்றார். அரியலூர்ப் பக்கம், கப்பல் பட்டறையில் வேலை. தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு மறுநாளே பணம் கட்ட வேண்டும். பணம் அவருடைய பெயரில், ஊரில் உள்ள வங்கிக் கணக்கில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதைத் தொட முடியவில்லை. வங்கி அனுப்பும் ஓடிபி அவருடைய இந்திய எண்ணுக்குத்தான் போகும். அந்த சிம் அட்டைக்கு நான்கு மாதமாக அவர் ரீசார்ஜ் செய்யவில்லை. எண் துண்டிக்கப்பட்டுவிட்டது. “சொந்தக் காசை எடுக்க நான் யார்னு நிரூபிக்கணுமாம் அண்ணே,” என்றார்.

கட்டணத்தை விடுதி நண்பர்கள் கைமாற்றாகக் கொடுத்துச் சமாளித்தார்கள். ஆனால் ஒரு சிம் அட்டை எப்படி இவ்வளவு பெரிய விஷயமானது என்று தேடிப் போனால், இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் முப்பது ஆண்டுக் கதை முழுவதையும் தொட வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் கைப்பேசியின் முதல் அழைப்பு 1995 ஜூலை 31ஆம் தேதி நடந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அப்போது ஒரு நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். அழைப்பு வந்தால், எடுத்துப் பேசுபவருக்கும் காசு போகும். 2003இல்தான் உள்வரும் அழைப்பு இலவசமானது. சாதாரண மக்கள் கையில் கைப்பேசி வந்தது அதன் பிறகுதான்.

அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் இருந்தவர்களுக்கு வேறு நினைவு இருக்கும். தேக்காவில் தொலைபேசி அட்டை வாங்கி, அதன் பின்புறத்தைச் சுரண்டி, நீண்ட எண்களை அழுத்தி, ஊரில் பக்கத்து வீட்டுக்கோ மஞ்சள் பலகை மாட்டிய எஸ்டிடி கடைக்கோ பேசி, “அம்மாவைக் கூப்பிடுங்க, பத்து நிமிஷத்துல திரும்பப் பேசுறேன்” என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள். இந்தியாவுக்கு வெளியே போகும் அழைப்புகள் எல்லாம் விஎஸ்என்எல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. அந்த ஏகபோகம் 2002இல் முடிவுக்கு வந்தது.

அதே 2002இல் பூன் லேக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் நடந்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,200 கிலோமீட்டர் நீளத்தில் ‘ஐ2ஐ’ என்ற கடலடிக் கம்பிவடம் போடப்பட்டது. சிங்டெல்லும் இந்தியாவின் பார்தி நிறுவனமும் சேர்ந்து போட்டவை அவை. சென்னையில் இறங்கும் அந்த வடம் இங்கே கரையேறும் இடம் துவாஸ். துவாஸில் வேலை முடிந்து விடுதிக்குத் திரும்பும் லாரியில் உட்கார்ந்து ஊருக்குப் பேசுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

பார்தி என்றால் இன்றைய ஏர்டெல். சிங்டெல் அதில் 2000ஆம் ஆண்டு முதலீடு செய்யத் தொடங்கியது. அவ்வப்போது கொஞ்சம் விற்றாலும், நேரடியாகவும் மறைமுகமாகவும் இன்னும் கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாக அதன் கையில் இருக்கிறது. 1993இல் சிங்டெல் பங்குச் சந்தைக்கு வந்தபோது குடிமக்களுக்குச் சலுகை விலையில் பங்கு கொடுத்தார்கள். நம் புளோக்கில் இருக்கும் பெரியவர்கள் பலர் அதை இன்னும் விற்காமல் வைத்திருக்கிறார்கள். ஆகவே அரியலூரில் ஒருவர் ரீசார்ஜ் செய்யும் காசில் ஒரு துளி, சுற்றிச் சுற்றி, பூன் லேயில் இருக்கும் ஒரு தாத்தாவுக்கு ஈவுத்தொகையாக வந்து சேர வாய்ப்பு உண்டு.

இனி விலைக்கு வருவோம். 2010வாக்கில் இந்தியாவில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் போட்டி போட்டன. 2ஜி வழக்கில் 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்துசெய்தது. சில நிறுவனங்கள் அத்தோடு மூட்டை கட்டின. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அழைப்பு இலவசம், முதல் சில மாதங்களுக்கு இணையமும் இலவசம். ஒரு ஜிபி தரவு இருநூறு ரூபாய்க்கு மேல் விற்ற நாட்டில் விலை பத்து ரூபாய் அளவுக்கு இறங்கியது. வயலில் நிற்பவரும் காணொளியில் பேச முடிந்தது அப்போதுதான்.

அந்த அடியைப் பலரால் தாங்க முடியவில்லை. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மறக்க முடியாத பெயர் ஏர்செல். 1999இல் சி. சிவசங்கரன் தமிழ்நாட்டில் தொடங்கியது. பின்னர் மலேசியத் தமிழர் ஆனந்த கிருஷ்ணனின் மேக்சிஸ் குழுமத்தின் கைக்குப் போனது. சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையில் பெயர் பொறித்த நிறுவனம், 2018 பிப்ரவரியில் கோபுரங்கள் அணைந்து ஊர் ஊராகச் சிக்னல் இழந்தது. அதே மாத இறுதியில் திவால் மனு கொடுத்தது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். குறுஞ்செய்தி அனுப்பவோ சிக்னல் இல்லை. கடைகளின் முன் கூட்டம் அலைமோதியது. வெளிநாட்டில் இருந்தவர்கள் பாடு இன்னும் மோசம்.

அடுத்த இடி 2019 அக்டோபர் 24இல் விழுந்தது. நிறுவனங்கள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை உரிமக் கட்டணமாக அரசுக்குத் தர வேண்டும். எது வருமானம் என்பதில்தான் தகராறு. வாடகை, வட்டி போன்றவையும் வருமானமே என்ற அரசின் வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. வோடஃபோன் ஐடியா தலையில் மட்டும் 58,000 கோடி ரூபாய் அளவுக்குப் பாக்கி ஏறியது. அது மூழ்கிவிடக் கூடாது என்று அரசு தனக்கு வர வேண்டிய தொகையில் ஒரு பகுதியைப் பங்குகளாக மாற்றிக்கொண்டது; 2025இல் ஏறக்குறைய 49 விழுக்காடு அரசிடம் வந்துவிட்டது.

இன்று இந்தியாவில் சுமார் 120 கோடித் தொலைபேசி இணைப்புகள். தனியார் நிறுவனங்கள் மூன்றே மூன்று. அவற்றில் ஒன்று கைத்தாங்கலாக நடக்கிறது. அரசின் பிஎஸ்என்எல் 2025 செப்டம்பரில்தான் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் 4ஜி சேவையை நாடளவில் தொடங்கியது. ஏர்டெல்லும் ஜியோவும் 5ஜி தொடங்கி அப்போதே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கடையில் கூட்டம் குறைந்தால் விலை ஏறும் என்பது நம் சந்தைக்குப் போகும் எந்த அக்காவுக்கும் தெரிந்த கணக்கு.

முன்பு ‘லைஃப்டைம்’ சிம் என்று ஒன்று இருந்தது. ஒருமுறை பணம் கட்டினால் அழைப்பு வந்துகொண்டே இருக்கும். 2018 இறுதியில் பெரிய நிறுவனங்கள் இணைப்பு நீடிக்க 28 நாளுக்கு 35 ரூபாயாவது போட வேண்டும் என்றன. 2024 ஜூலை விலையேற்றத்தில் ஏர்டெல்லின் 28 நாள் அடிப்படைத் திட்டம் 179இலிருந்து 199 ரூபாய்க்கும், ஜியோவுடையது 155இலிருந்து 189 ரூபாய்க்கும் போனது. 28 நாள் என்பதைக் கவனியுங்கள். மாதக் கணக்கு என்றால் ஆண்டுக்கு 12 முறை. 28 நாள் என்றால் 13 முறை. 199 ரூபாய் வீதம் 2,587 ரூபாய், ஏறத்தாழ 40 வெள்ளி. ஓடிபி வருவதற்காக மட்டும் வைத்திருக்கும் எண்ணுக்கு!

இந்தக் குறையை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் கவனிக்காமல் இல்லை. 2024 டிசம்பர் 23ஆம் தேதி வெளியிட்ட விதியில், இணையம் வேண்டாதவர்களுக்கு அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்றது. அத்தகைய திட்டத்தின் காலத்தை 365 நாள் வரை நீட்டவும் அனுமதித்தது. நிறுவனங்கள் அடுத்த மாதமே அப்படிச் சிலவற்றைக் கொண்டுவந்தன, விளம்பரம்தான் அதிகம் இல்லை. செயலியில் தேடித்தான் எடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்கு ஓராண்டுத் திட்டமே நிம்மதி; 28 நாளுக்கு ஒருமுறை தேதியை எண்ண வேண்டியதில்லை.

இன்னொரு விதியும் தெரிந்திருக்க வேண்டும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணைத் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு எண்ணைத் தக்கவைக்கும் ஏற்பாடு உண்டு. துண்டித்த எண், குறைந்தது இன்னொரு 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். பிறகு உங்கள் வங்கிச் செய்தி முன்பின் தெரியாத ஒருவரின் கையில்.

அந்த எண்ணையே நம்பியிராமல் இருக்கவும் ஒரு வழி உண்டு. 2023 ஜனவரியில் சிங்கப்பூர் உட்பட பத்து நாடுகளின் கைப்பேசி எண்களைக் கொண்டே யுபிஐ பயன்படுத்த அனுமதி தரப்பட்டது. ஆனால் கணக்கு என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வகையாக இருக்க வேண்டும். வங்கியும் அந்த வசதியைத் தந்திருக்க வேண்டும். வேலைக்காக வெளிநாடு வந்தவர்கள் தங்கள் சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக மாற்றியிருக்க வேண்டும் என்பது இந்திய அந்நியச் செலாவணிச் சட்டம். விடுதிகளில் விசாரித்துப் பாருங்கள், பத்தாண்டு இங்கே இருப்பவரும் பழைய கணக்கையே வைத்திருப்பார். யாரும் சொல்லவில்லை என்பார்கள், உண்மையும் அதுதான்.

அரியலூர்க்காரர் பொங்கல் விடுப்பில் ஊருக்குப் போனார். வங்கிக் கிளையில் இரண்டு நாள் அலைந்து கணக்கை என்ஆர்ஓவாக மாற்றி, இங்குள்ள எண்ணையே பதிவுசெய்துவிட்டு வந்தார். புது இந்திய சிம் ஒன்றும் வாங்கியிருக்கிறார், ஓராண்டுத் திட்டத்தோடு. கிளம்பும் முன்பே சர்வதேச ரோமிங்கை இயக்கிவிட்டதாகச் சொன்னார். பழைய எண் என்ன ஆனது என்று கேட்டேன். ஒருமுறை அழைத்துப் பார்த்தாராம். மறுமுனையில் யாரோ இந்தியில் பேசினார்களாம்.