இடித்த வீடு எங்கே போகிறது?

சென்னை நங்கநல்லூரில் பழைய தனிவீடுகள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. இடிபாட்டைக் காலிமனையில் கொட்டினால் செலவு மிச்சம் என்பது தப்புக்கணக்கு. வடிகால் அடைபட்டால் மழைக்காலத்தில் அந்தச் செலவு தெருவின் தலையில் விடியும். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மாநகராட்சியின் கட்டடக் கழிவு ஆலைகள் இருக்கின்றன. கான்கிரீட்டையும் செங்கல்லையும் நொறுக்கிச் சலித்தால் ஜல்லியும் மணலும் கிடைக்கும்.

அந்த ஜல்லி வலுவற்றது என்பார்கள். பழைய காரை ஒட்டியிருப்பதால் நீரை அதிகம் உறிஞ்சுவது உண்மைதான். அதனால்தான் 2016இல் திருத்தப்பட்ட இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383, எம்25 வலிமைத் தரம் வரையிலான கம்பி கான்கிரீட்டில் பழைய கான்கிரீட்டை நொறுக்கிய ஜல்லிக்கு 20 சதவீதம் என வரம்பு கட்டுகிறது. எம்15க்குக் குறைந்த கலவையில் முழுவதுமே அனுமதிக்கிறது. ஆலைவரை கொண்டுபோனால் லாரி வாடகை கூடும் என்ற மறுப்பும் நியாயமே. கதவு, ஜன்னல், கம்பிகளை முதலிலேயே பிரித்து விற்றால் ஒரு பகுதி ஈடாகும். கழிவு எங்கே போகும் என்பதை இடிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது வீட்டுக்காரரின் பொறுப்பு.