பத்தடி இடம் போதும்: தாமான் வீட்டிலும் தோட்டத்துக் கொல்லை

ரந்தாவ், லின்சம் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் மூத்தோர் கீரையையும் முருங்கையையும் காசு கொடுத்து வாங்கியது குறைவு. லயத்து வீட்டுக்குப் பின்னால் பாத்தி இருந்தது. சட்டமும் அதற்குத் துணை நின்றது. குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 2,700 சதுர அடி நிலம் ஒதுக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் காலத் தொழிலாளர் சட்டம் கூறியது.

ஜப்பானியர் ஆட்சியில் (1942-45) அரிசி கிடைக்காதபோது உயிர் காத்தது மரவள்ளிக்கிழங்கு. 1974-இல் துன் அப்துல் ரசாக் அரசாங்கமும் 'பச்சைப் புத்தகத் திட்டம்' மூலம் வீட்டுக்கு வீடு பயிரிடச் சொன்னது.

ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பல குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. கொல்லை சுருங்கிப் பத்தடி ஆனது. அந்தப் பத்தடியில் எல்லாவற்றையும் நட முடியாது. அடிக்கடி வாங்கும் பொருள், ஒருமுறை நட்டால் பல மாதம் பலன் தரும் செடி என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

*எதை நடலாம்?*

முருங்கை: மூன்றடி போத்து ஒன்றை, தண்ணீர் தேங்காத மேட்டில் ஊன்றுங்கள். நான்கடி உயரத்தில் வெட்டிக்கொண்டே வந்தால் இலை கைக்கெட்டும்.

கறிவேப்பிலை: பழுத்த பழத்தின் விதையைக் காயவிடாமல் உடனே விதைக்க வேண்டும், இல்லையென்றால் முளைப்பது கடினம். பழைய மரத்தடியில் முளைத்த கன்றையும் வேரோடு எடுத்து நடலாம்.

செராய், பாண்டான், மிளகாய்: பழைய வாளி, பெயிண்ட் டின் போதும். அடியில் துளை போட மறக்காதீர்கள்.

தண்டுக்கீரை: விதைத்து மூன்று, நான்கு வாரத்தில் பறிக்கலாம். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் அடைமழை நாற்றை அடித்துவிடும். மேலே வலை கட்டுங்கள்.

தவசிக்கீரை (சாயூர் மானிஸ்): குச்சி ஊன்றினால் வந்துவிடும். இதைச் சமைத்தே உண்ண வேண்டும். உடல் மெலிய இதன் பச்சைச் சாற்றைக் குடித்து வந்த பலருக்கு 1990-களில் தைவானில் நுரையீரல் கெட்டது. மரவள்ளியையும் தோல் சீவி, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

*உரமும் தண்ணீரும்*

காய்கறித் தோல் ஒரு பங்கு, காய்ந்த இலை இரண்டு பங்கு என்று துளையிட்ட வாளியில் மாற்றி மாற்றிப் போட்டு, வாரம் ஒருமுறை கிளறுங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் உரம் தயார். மீன், இறைச்சிக் கழிவு வேண்டாம், எலி வரும். அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம்.

மழைநீர் பிடிக்கும் தோம்பை நெருக்கமான வலையால் மூடி வையுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் போதும். அதனால் தொட்டித் தட்டுகளில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டிவிட வேண்டும். கொசு உற்பத்திக்கு இடம் கொடுத்தால் 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அபராதம் உண்டு. மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும்.

பின்சந்தும் சாக்கடை ஓரமும் நம் நிலமல்ல. அங்கே மரம் நடுமுன் மாநகர் மன்றத்தில் விசாரியுங்கள். தாமானில் கோழி வளர்க்க நினைப்பவர்களும் அப்படியே.

*எவ்வளவு மிச்சம்?*

அரிசி, எண்ணெய், பருப்பு செலவைக் கொல்லை குறைக்காது. ஆனால் கீரை, மிளகாய், கறிவேப்பிலையில் வாரம் 10 ரிங்கிட் மிஞ்சினால் ஆண்டுக்கு 520 ரிங்கிட். பள்ளி திறக்கும்போது பிள்ளைகளின் சீருடை, காலணி, புத்தகப் பைக்குக் கடன் வாங்கும் குடும்பத்துக்கு அது பெரிய தொகை.

அதனால் தொடக்கத்திலேயே மண்மூட்டை, விலையுயர்ந்த தொட்டி என்று வாங்கிச் செலவழிக்க வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு முருங்கைப் போத்து கேட்டு வாங்கி, இந்த வாரமே ஊன்றுங்கள். அது துளிர்த்த பிறகு அடுத்த செடியைப் பார்க்கலாம்.