மின்சாரக் கித்தாரின் நாதமும் காந்தத்தின் அளவும்

வீணை, வயலின் முதலிய வாத்தியங்களில் தந்தியின் அதிர்ச்சி குதிரையின் வழியாய் மரத்தை அடைந்து, காற்றில் பரவி நம் செவிக்கு எட்டுகின்றது. மின்சாரக் கித்தாரின் வழி வேறு. அதன் தந்திகளுக்குக் கீழே பிக்கப் என்னும் சிறு கருவி பொருத்தப்பட்டிருக்கும். தந்தியின் அசைவை மின்சாரமாய் மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அதுவே. பாட்டின் நடுவே தனித்து ஓங்கும் 'லீட்' வாசிப்பின் நாதம், இக்கருவி தந்திக்கு எவ்வளவு அருகில் நிற்கின்றது என்பதைப் பெரிதும் பொறுத்ததாம். அஃது எங்ஙனம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பிக்கப் என்பது ஒரு நிலைக்காந்தமும், மயிரிழை போன்ற செப்புக் கம்பியை அதனைச் சூழப் பல்லாயிரம் முறை சுற்றிய சுருளுமேயாகும். தந்தி உருக்கினால் ஆயதாதலின், காந்தத்தின் அருகே தானும் காந்தத் தன்மை பெறுகின்றது. அது அதிருங்கால் சுருளினூடே செல்லும் காந்தப் புலம் மாறி மாறி மிகவும் குறையவும் செய்ய, சுருளில் மின்னோட்டம் எழுகின்றது. 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்தூண்டல் இதுவே. நைலான் தந்தியைப் பூட்டினாலோ பிக்கப் ஊமையாகிவிடும்.

அமெரிக்க நாட்டில் ஜார்ஜ் போஷாம்ப் என்பார் 1931-இல் இவ்வகைக் கித்தாரை உருவாக்கினார். 1936-இல் கிப்ஸன் கம்பெனியார் வெளியிட்ட இ.எஸ்.-150 என்னும் கித்தாரில் பிக்கப்பை மூன்று திருகாணிகளால் தொங்கவிட்டு, அதன் உயரத்தைத் திருத்திக்கொள்ளவும் வசதி செய்திருந்தனர். ஊதுகருவிகளின் முழக்கத்தில் அமிழ்ந்து கிடந்த கித்தாரை, 1939-இல் பென்னி குட்மன் குழுவிற் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் அக்கருவியைக்கொண்டே தனிக்குரலாய் ஒலிக்கச் செய்தார்.

பிக்கப் நிற்கும் இடமும் நாதத்தை மாற்றும். குதிரையின் அருகே தந்தியின் அசைவு சிறிது. ஆங்கு மேற்சுரங்கள் விஞ்சி நிற்றலால் ஒலி கூர்மையாயிருக்கும். தண்டியின் அருகே அசைவு பெரிது. அடிச்சுரம் ஓங்கிக் குழலோசை போல் உருண்டு வரும். 1954-இல் வெளிவந்த பெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று பிக்கப்புகள் மூன்று இடங்களில் அமைந்திருப்பது இதுபற்றியே. அசைவு குறைந்த குதிரைப் பக்கத்துப் பிக்கப்பைச் சற்று உயர்த்தியும், தண்டிப் பக்கத்ததைத் தாழ்த்தியும் வைத்தாலன்றி இரண்டும் ஒரே அளவாய் ஒலியா.

நிற்க, அருகில் வைத்தால் ஒலி பெருகும் என்பது மெய்யே. ஆயினும் அதற்கோர் எல்லையுண்டு. காந்தம் தந்தியின் அசைவை ஏற்பதோடு தந்தியை இழுக்கவும் செய்கின்றது. இழுப்பு மிகின் சுரம் நீடியாது அடங்கும், சுருதியும் பிறழும். இதனை யான் பிழை செய்தே கற்றேன். ஒரு கச்சேரிக்கு முன்னாள், என் வாசிப்பு முரசொலியில் மறைந்துவிடுமோ என்று அஞ்சி, மூன்று பிக்கப்புகளையும் தந்தியைத் தொடுமளவிற்கு உயர்த்திவிட்டேன். மறுநாள் மேடையில், பன்னிரண்டாம் மெட்டிற்கு மேலே தடித்த தந்திகளில் எழுந்த ஒவ்வொரு சுரமும் அலையலையாய் நடுங்கிற்று. பன்முறை சுருதி கூட்டியும் பயனில்லை. குற்றத்தைத் தந்தியின்மேலும் ஒலிபெருக்கியின்மேலும் ஏற்றினேன். பின்னர் நண்பரொருவர் ஒரு திருப்புளியை எடுத்துப் பிக்கப்புகளைத் தாழ்த்தினார், நடுக்கம் நின்றது.

செய்யவேண்டிய முறை எளிதே. முதலில் புதுத் தந்தி பூட்டிச் சுருதி கூட்டுக. கடைசி மெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிக்கும் காந்தத்தின் உச்சிக்கும் உள்ள இடைவெளியை அளக்க. ஸ்ட்ராட்டோகாஸ்டர் போன்றவற்றிற்குத் தடித்த தந்தியின் பக்கம் ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டரும், மெல்லிய தந்தியின் பக்கம் 2 மில்லிமீட்டரும் நல்ல தொடக்கமாம். அதன்பின் திருகாணியை ஒரு முறைக்கு அரைச் சுற்றுக்கு மேல் திருப்பாது, ஒவ்வொரு மாற்றத்திற்கும் வாசித்துக் கேட்க. ஒரு பிக்கப்பினின்று மற்றொன்றிற்கு மாறுங்கால் ஒலி குன்றாதிருத்தல் வேண்டும். 1955-இல் ஸேத் லவர் அமைத்த ஹம்பக்கர் என்னும் இரட்டைச் சுருள் பிக்கப், மின்கம்பிகளினின்று வரும் இரைச்சலை நீக்குவது. அதன் ஒரு வரிசையில் தந்திக்கொரு திருகாணி உண்டாதலின், மிகுந்தொலிக்கும் தந்தியை மட்டும் தனியே அடக்கலாம்.

அளவுகோல் நம்மை வாயிலளவும் கொண்டுபோய் விடும்; அதற்கு உள்ளே வழிகாட்டுவது செவியே. கையை அழுத்தாது மெல்ல மீட்டினால் மென்மையும், ஓங்கி மீட்டினால் வன்மையும் வேறுவேறாய்க் கேட்கும் இடம் ஒன்றுண்டு. அவ்விடத்தில் திருப்புளியைக் கீழே வைத்துவிடுக. ஒலி போதாதெனின் அதனைப் பெருக்க ஒலிபெருக்கி இருக்கின்றது. அடங்கிய தந்தியை மீட்டும் அதிரச் செய்ய அதனால் ஆகாது.