ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த கோப்பை

மைசூர் இராஜ்யக் கால்பந்துக் குழு 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய நான்கு பருவங்களில் சந்தோஷ் கோப்பையை வென்று புகழ் பெற்றது. பின்னர் இராஜ்யம் கர்நாடகம் எனப் பெயர் பெற்றது. கோப்பையோ கைக்கெட்டாக் கனியாயிற்று. வெற்றியைக் கண்ணாரக் கண்ட இளைஞர் பாட்டன்மாராகிவிட்டனர்.

2023 மார்ச்சு 4-ஆம் நாள் அக்குறை நீங்கிற்று. அரையிறுதியில் சர்வீசஸ் குழுவை 3-1 என வீழ்த்திய நம்மவர், சவூதி நாட்டு ரியாத் நகரில் மேகாலயத்தை எதிர்கொண்டனர். சுனில் குமார், பேக்கி ஓரம், ராபின் யாதவ் ஆகியோர் இடைவேளைக்குள் மூன்று கோல்கள் அடித்தனர். பிற்பகுதியில் மேகாலயம் நெருங்கி வந்தபோதும் குழு தளரவில்லை. 3-2 என வாகை சூடியது.

இவ்வெற்றியில் நமக்கும் ஒரு படிப்பினை உண்டு. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில், பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் இந்நகரத்தவரே. தமிழர் மிகுந்த கௌதமபுரத்தில் பெலேக்குச் சிலையே உண்டு. ஆயினும், “பந்து சோறு போடுமா?” என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் நம்மிடையே பலர். ரயில்வே முதலிய இலாகாக்களில் விளையாட்டு வீரர்க்கெனத் தனி ஒதுக்கீடு இருப்பதை அவர்கள் அறிதல் நலம். கல்வியைக் கைவிடாமல் மாலையில் மைதானம் செல்லும் மகனைத் தடுக்காதீர்கள். அடுத்த கோப்பை அவன் காலடியில் இருக்கலாம்!